ஸ்னாப்ஷாட்டா, ஹைப்பர் பேக்கப்பா?

சைனாலஜி நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வாங்கியவர்கள் பலர், ஒரே தரவை இரண்டு வட்டுகளிலும் எழுதும் ரெய்டு 1 இருந்தால் போதும் என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு வட்டுகளிலும் ஒரே நேரத்தில் அழியும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் உறைக்கிறது. மீட்க இரண்டு வழிகள் உண்டு: கோப்புறையின் அந்த நேரத்து நிலையை நாஸிலேயே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட், வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் சைனாலஜியின் ஹைப்பர் பேக்கப் செயலி.

வேகத்தில் ஸ்னாப்ஷாட்டை மிஞ்ச முடியாது. எடுக்கச் சில நொடிகள் போதும். மாறிய பகுதிகளுக்கு மட்டுமே இடம் செலவாகும் என்பதால் மணிக்கொரு முறைகூட எடுக்கலாம். விண்டோஸில் கோப்புறையை வலது சொடுக்கி, முந்தைய பதிப்புகளிலிருந்தே பழைய கோப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாஸ் வட்டில் பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) கோப்பு முறைமை வேண்டும், இஎக்ஸ்டி4 (ext4) முறைமையில் நடக்காது. அதைவிடப் பெரிய குறை, அது அதே வட்டுகளில்தான் இருக்கிறது. பெட்டியே திருடுபோனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போய்விடும்.

ஹைப்பர் பேக்கப் மெதுவானது; முதல் நகல் பல மணி நேரம் எடுக்கும். ஆனால் யூஎஸ்பி வட்டு, வேறொரு நாஸ், மேகச் சேமிப்பு என வெளியே கொண்டுபோகிறது. பல பதிப்புகளாக எடுத்த நகலை வட்டில் நேரடியாகத் திறந்து பார்க்க முடியாது, எனக்கு இதுதான் எரிச்சல். கணினியில் பார்க்க ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் என்ற தனி மென்பொருள் வேண்டும். மறைகுறியாக்கம் செய்திருந்தால் கடவுச்சொல்லை, அல்லது அப்போது கிடைக்கும் சாவிக் கோப்பை, நாஸுக்கு வெளியே வையுங்கள். இரண்டும் தொலைந்தால் நகல் இருந்தும் பயனில்லை.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் ஹைப்பர் பேக்கப்பையே எடுப்பேன். யூஎஸ்பி வட்டை மட்டும் நகல் முடிந்ததும் கழற்றிவிடுவேன்.