கோர்ட் படி ஏறாம ஆர்பிட்ரேஷன் சென்டர்ல கேஸ முடிச்சோம், என் அனுபவம்

ஆர்பிட்ரேஷன்னா கோர்ட்டுக்குப் பதிலா ஒரு நடுவர வெச்சு தகராற தீர்த்துக்கிறது. போன வாரம்தான் அவார்டு, அதாவது நடுவரோட தீர்ப்பு, கைக்கு வந்துச்சு. அங்க நடந்தத வெளிய விடக்கூடாதுங்கிறதால சென்டர் பேரு, தொகை எதையும் சொல்லல, ஆனா இந்தப் பக்கம் போலாமா வேணாமான்னு தவிக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

நாங்க அட்டைப்பெட்டி செஞ்சு குடுக்குறவங்க. வாங்குன கம்பெனி ஒரு லோடு முழுக்க நமத்துப் போச்சுன்னு பணத்த நிறுத்திட்டாங்க. கேஸ் போடலாம்னு வக்கீல்கிட்ட போனா அவர் அக்ரிமென்ட்ட பொரட்டி கடைசிப் பக்கத்துல ஒரு பாராவ காட்டுறார், தகராறு வந்தா ஆர்பிட்ரேஷன்லதான் தீர்த்துக்கணும்னு ரெண்டு பேருமே கையெழுத்து போட்டிருக்கோம். அந்தப் பாரா இருந்தா கோர்ட்டே பொதுவா அங்க போங்கன்னு அனுப்பிடுமாம், அக்ரிமென்ட்டே செல்லாதுன்னு எதிராளி சொன்னாக்கூட அந்தப் பாரா தனியா நிக்குமாம். நிறைய பேர் இத சமரசப் பேச்சுன்னு நெனச்சுக்கிறாங்க, சமரசத்துல பிடிக்கலன்னா எந்திரிச்சு வந்துடலாம், இங்க நடுவர் சொன்னா அது ரெண்டு பேரையும் கட்டுப்படுத்தும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நடுவர்தான். 3 பேர் வெச்சா ஆளுக்கு ஒருத்தர சொல்லணும், அந்த ரெண்டு பேரும் சேந்து மூணாவது ஆள எடுப்பாங்க. எங்க கேஸுக்கு ஒருத்தர் போதும்னு முடிவாச்சு, எதிராளி யார் பேருக்கும் ஒத்துக்காம இழுத்தடிச்சதால ரூல்ஸ் படி சென்டரே ஒருத்தர போட்டுட்டாங்க. பேக்கேஜிங் லைன்ல பல வருஷம் இருந்த இன்ஜினியர். ரெண்டு கம்பெனியோடயும் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லன்னு மொதல்லயே எழுதிக் குடுத்தார்.

ஹியரிங் அன்னிக்கு ஒரு நீள டேபிள், எதிரெதிரா நாங்க. நடுவர் எங்க பெட்டி ஒண்ண எடுத்து ஓரத்த நகத்தால கீறி தாளு தாளா பிரிச்சார். உள்ள இருக்குற நெளிவு பேப்பர் மேல வரைக்கும் வெறப்பா நிக்குது, அடியில மட்டும் ஊறி கறை படிஞ்சிருக்கு. "இது கீழேருந்து ஏறுன ஈரம், பலகை போடாம வெறுந்தரைல அடுக்குனீங்களா?"ன்னு அவங்க குடோன் மேனேஜர கேட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அவர் ஆமான்னு சொன்னார். இத கோர்ட்ல புரிய வெக்க நாங்க எத்தன வாய்தா அலைஞ்சிருப்போமோ.

எல்லாமே எங்க பக்கம் வந்துடல. கொஞ்சம் பெட்டி லாரியில தார்ப்பாய் ஒழுகி மேலேருந்து நனைஞ்சது, அந்தத் தொகைய எங்க கணக்குல கழிச்சுட்டார். லாரிக்காரர இதே கேஸ்ல இழுக்கலாம்னா முடியல, அந்தப் பாராவுல அவர் கையெழுத்து இல்ல, அவரும் வரமாட்டேன்னுட்டார். அப்பீலும் பெரும்பாலான நாடுகள்ல கிடையாது. நோட்டீஸ் சரியா வரல, நடுவர் பாரபட்சமா இருந்தார், அவர்கிட்ட ஒப்படைக்காத விஷயத்துல முடிவு சொல்லிட்டார், இப்படி சில காரணத்துக்கு மட்டும் கோர்ட்ல ரத்து கேக்கலாம், ஐநாவோட 1985 மாதிரிச் சட்டப்படி அதுக்கும் 3 மாசம்தான் டைம். நடுவர் தப்பா கணிச்சுட்டார்னு நமக்குத் தோணுறது மட்டும் பத்தாது.

செலவு விஷயத்துல மனசு நொந்துட்டேன். ஜட்ஜுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது, இங்க நடுவர் ஃபீஸ், சென்டர் ஃபீஸ் எல்லாம் நாமதான், அதுவும் முன்கூட்டியே டெபாசிட். எதிராளி அவங்க பங்க கட்டல, கேஸ் நின்னுடக்கூடாதேன்னு அதையும் சேத்து நாங்களே கட்டுனோம். அவார்டுல திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க, இருந்தாலும் அத்தன மாசம் கைய கடிச்சுது. சின்னத் தொகைக்கு இது கட்டுப்படியாகாது.

தோத்தவங்க பணம் தரலன்னா அவார்ட எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குத்தான் போகணும், ஆனா கேஸ மொதல்லேருந்து நடத்த வேண்டியதில்ல. எதிராளி வேற நாட்டுல இருந்தா இதுதான் பெரிய பலம், 1958 நியூயார்க் ஒப்பந்தத்துல 170-க்கு மேல நாடுகள் இருக்கு, அங்கெல்லாம் பொதுவா அவார்ட ஏத்துக்கணும். கோர்ட் தீர்ப்புக்கு இந்த அளவு செல்வாக்கு கிடையாது.

5-க்கு 4 ஸ்டார். நடுவர் எத்தன பேர்னு எங்க பாராவுல எழுதாததால ஆரம்பத்துலயே 2 மாசம் வீணாச்சு. புது அக்ரிமென்ட்ல எத்தன நடுவர், எந்த நாட்டு கோர்ட் மேற்பார்வை, எந்த மொழி, எந்த சென்டர் ரூல்ஸ்னு நாலையும் எழுதிட்டோம், லாரிக்காரர்கிட்டயும் அதே பாராவுல கையெழுத்து வாங்கியாச்சு.