சிஸ்டத்துல மூணு பாட்டில் காட்டுது சார்

அப்பாவின் மாத மருந்துகளை அந்த செயின் கடையிலேயே வாங்கலாமா என்று, குன்னூருக்குப் புதிதாகக் குடிவந்த நண்பர் கேட்டிருந்தார். மூன்று வருஷமாக அம்மாவுக்கு நான் அங்கேதான் வாங்குகிறேன். கடைப் பெயர் வேண்டாம்.

முன்பு அது அண்ணாச்சி கடை. பையன்கள் கல்லாவில் உட்கார மாட்டேன் என்றதும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். மருந்துக்கடையில் இடமும் சரக்கும்தான் கைமாறும், லைசென்ஸ் புதிதாக எடுக்க வேண்டும். செயின்கள் பாதி வளர்வது இப்படித்தான். 2014இல் அப்பல்லோ, ஹெட்டெரோ மருந்துக் கம்பெனியின் 320 கடைகளை 146 கோடிக்கு மொத்தமாக வாங்கியது. எங்கள் கடையை எடுத்தது வேறு கம்பெனி, சின்னது.

குறை சொல்லுமுன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடி உண்டு, எல்லாவற்றுக்கும் பில் உண்டு, கரண்ட் போனாலும் இன்சுலின் ஃபிரிட்ஜ் ஓடும்.

என் பிராணனை வாங்குவது அம்மாவின் தைராய்டு மாத்திரை. எழுபத்தைந்து மைக்ரோகிராம், தினமும் வெறும் வயிற்றில். போனால், "சிஸ்டத்துல மூணு பாட்டில் காட்டுது சார்" என்பார்கள். ரேக்கில் ஒன்றும் இருக்காது. "லோடு நாளைக்கு வரும். அதே மருந்துதான், வேற கம்பெனி தரட்டுமா?" இந்தத் தைராக்சின் மாத்திரையில் பிராண்ட் மாற்றினால் ஆறு வாரம் கழித்து மறுபடி டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கவுன்டர் பையனுக்கு அது என்ன கவலை!

அண்ணாச்சி ஐப்பசி பிறக்குமுன் சுகர், பிரஷர், தைராய்டு எல்லாவற்றையும் இரண்டு மாசத்துக்கு ஏற்றி வைத்துவிடுவார். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மனுஷர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் பர்லியாறு ரோடு அடைத்தால் கோத்தகிரி சுற்றித்தான் லோடு வரணும், அதுவும் அந்த ரோடு திறந்திருந்தால். கம்ப்யூட்டருக்கு மழை தெரியாது, போன மாச விற்பனைதான் தெரியும். மே சீசனில் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்த கூட்டம் வாங்கியதைப் பார்த்து, ஜூன் முழுக்க வாந்தி மாத்திரை அவோமினாக அடுக்கி வைத்திருந்தது.

இரண்டு வருஷம் கத்தினேன். போன வாரம், நல்ல மழை, பழைய கடையிலிருந்தே இருக்கும் அண்ணன் (இப்போது கம்பெனி கோட்டு போட்டிருக்கிறார்) சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கீழ் டிராயரை இழுத்தார். உள்ளே மூன்று பாட்டில். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவில் பெயர். ஒன்றில் அம்மா பெயர்.

"ரெகுலர் ஆளுங்களுக்கு எடுத்து வெச்சிருவேன் சார். சிஸ்டத்துக்குத் தெரியாது."

இத்தனை நாள் சிஸ்டம் பொய் சொல்லவில்லை. அந்த மூன்றும் யாரோ மூன்று பேருடைய பாட்டில்கள். எனக்குக் கோபப்படுவதா கும்பிடுவதா தெரியவில்லை. பில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நண்பருக்கு: கடை சுமார்தான். நான் மாறப்போவதில்லை. அப்பாவுக்கும் தைராய்டு எழுபத்தைந்து என்றால் மட்டும் தயவுசெய்து வேறு கடை பாருங்கள்.