கடலோரப் பூங்காவைச் சுற்றி ரோடு பைக்: ரூட்டைப் போடுவது காற்று

கடலோரப் பூங்கா என்றதும் தட்டையான சாலை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மரநிழல், நடுவில் சைக்கிளுக்கென்றே ஒரு தனிப்பாதை என்று மனசுக்குள் ஒரு படம் வரும். புதிதாக ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் சைக்கிள்) வாங்கியவர்கள் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். சில வருடங்களாக இந்த மாதிரி ரூட்டுகளிலேயே அதிகம் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் படத்தில் ரோடு பைக்குக்குக் கொஞ்சமும் ஒத்துவராத இடம் அந்தத் தனிப்பாதைதான்.

காரணம் எளிது. பூங்காவுக்குள் ஓடும் பாதையில் நடப்பவர்கள், குழந்தைகள், நீளக் கயிற்றில் நாய்கள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லோரும் இருப்பார்கள். மணி அடித்தால் சிலர் இடப்பக்கம் ஒதுங்குவார்கள், சிலர் வலப்பக்கம், சிலர் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். மரப்பலகை போட்ட பகுதி வந்தால் இன்னொரு தொல்லை. பலகைகள் குறுக்கே போட்டிருந்தால் பிரேக்கைத் தொடாமல் நேராகப் போய்விடலாம். நாம் போகிற திசையிலேயே நீளவாக்கில் போட்டிருந்தால் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கிவிடும். மழைக்குப் பிறகு பாசி வேறு. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. உள்பாதையை நான் வார்ம்-அப்புக்கும் கடைசியில் மூச்சு வாங்கிக்கொள்ளவும் மட்டும் வைத்திருக்கிறேன்.

நிஜமான ரைடு பூங்காவை ஒட்டி ஓடும் வெளிச்சாலையில். அங்கே கவனம் வைக்க வேண்டியது கார் நிறுத்துமிட வாசல்களில். இடம் தேடிக்கொண்டு வரும் ஓட்டுநரின் கண் காலியிடத்தின் மேல் இருக்கும், நம் மேல் இருக்காது. சாலையோரம் நிறுத்திய கார் வரிசையைத் தாண்டும்போது ஒரு கதவு முழுதாகத் திறந்தாலும் இடிக்காத தூரத்தில் போக வேண்டும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

அடுத்தது, எந்தத் திசையில் சுற்றுவது. வரைபடத்தில் லூப் ஒன்றுதான். சாலையில் அது இரண்டு வேறு ரூட். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் கடலை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றினால் நம் பக்கத்தில் கிளைச்சாலைகள் குறைவு. திடீரென்று நமக்குக் குறுக்கே இடப்பக்கம் ஒடிக்கிற வண்டிகளும் குறைவு. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இதனால்தான் கடலை ஒட்டியே போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: கடற்காற்று வீசும்போது அதே திசை நம்மைச் சாலையின் நடுவுக்குத் தள்ளும். மணல்மேடோ சவுக்குத் தோப்போ மறைத்துக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. தோப்பு முடிகிற இடத்தில் ஒரே வீச்சில் அரை மீட்டர் நகர்ந்துவிடுவோம்.

எதிர்த்திசையில் சுற்றினால் பிரச்சினை வேறு மாதிரி. கடல் நமக்கு வலப்பக்கம். காற்றைத் தாங்கிச் சற்று வலப்பக்கம் சாய்ந்தபடி ஓட்டிக்கொண்டிருப்போம். ஒரு லாரி முந்தும்போது அதன் உடம்பு காற்றை மறைத்துவிடும். தாங்கிக்கொண்டிருந்த அழுத்தம் காணாமல் போக, சைக்கிள் லாரிப் பக்கமாக இழுக்கும். லாரி கடந்ததும் காற்று திரும்ப வந்து ஓரத்துக்குத் தள்ளும். பெரிய வண்டியின் சத்தம் பின்னால் கேட்டதுமே கையைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, டிராப்ஸை (ஹேண்டில்பாரின் கீழே வளைந்த பகுதியை) பிடித்துக்கொள்வது இப்போது எனக்கு அனிச்சையாக வருகிறது. கையை விறைப்பாக வைத்திருந்தால் காற்று உடம்பை ஆட்டுவதெல்லாம் ஹேண்டில்பாருக்கு இறங்கும்.

அதனால் என் கணக்கு, திசையைவிட நேரம் முக்கியம். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது. அதன் மேலிருக்கும் காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. தெளிவான வெயில் நாட்களில் இது முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது தணியும். இரவில் தலைகீழ்: நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், ஆனால் வலுக்குறைவு. விடியற்காலையில் கடற்கரைச் சாலை அவ்வளவு அமைதியாக இருப்பதற்கு இதுதான் காரணம். அதே சாலையில் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்விட்டு ‘இந்த ரூட் மோசம்’ என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டியது வேறு சாலை.

கரையை ஒட்டி நேர்கோட்டில் போய்த் திரும்புகிற ரூட்டில், போகும்போது எதிர்காற்று என்றால் வரும்போது பின்காற்று, கணக்கு நேராகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. காற்றில்லாத நாளில் 30 கிமீ வேகத்தில் ஓட்டுகிறவர், போகும்போது 20, வரும்போது 40 என்று ஓட்டினால் மொத்தச் சராசரி 30 வராது, 26.7 தான். மெதுவாகப் போகிற பாதியில்தான் அதிக நேரம் செலவாகிறது. போதாததற்கு, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஆகவே முதல் பாதியிலேயே எதிர்காற்றை வாங்கிக்கொள்வது நல்லது. பின்காற்றில் பறந்து போய்க் கடைசி முனையில் திரும்பும்போதுதான் காலில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

கடலோரக் காற்று என்ன செய்யும் என்பதற்கு 2009 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாம் கட்டம் நல்ல உதாரணம். மார்செய்யிலிருந்து லா கிராந்த் மோத் வரை, காமார்க் என்ற கடலோர இயற்கைப் பூங்காப் பகுதி வழியாகப் போன தட்டையான ரூட். அன்று பக்கக்காற்றில் ஓர் அணி திடீரென வேகத்தைக் கூட்ட, கூட்டம் இரண்டாக உடைந்தது. நட்சத்திர வீரர்களில் ஆம்ஸ்ட்ராங் முன்குழுவில், கோன்டடோர் பின்குழுவில், அன்றைய கட்டத்தை ஜெயித்தது கேவண்டிஷ். ஏற்றமே இல்லாத சாலையில் மலை ஏற்றத்தில் விழுகிற மாதிரி இடைவெளி. நாமெல்லாம் சும்மா ஓட்டுகிறவர்கள்தான், ஆனாலும் நண்பர்களோடு போகும்போது இது உதவும்: பக்கக்காற்றில் முன்னால் போகிறவருக்கு நேர்பின்னால் ஒளிய முடியாது, காற்றின் மறுபக்கம் சற்றே விலகி, படிக்கட்டு மாதிரி சாய்வரிசையில் போக வேண்டும். அதற்குச் சாலை அகலம் வேண்டும். போக்குவரத்து உள்ள சாலையில் இதை முயலாதீர்கள், தனித்தனியாக இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

காற்றை அளக்க நான் ஆப்பைப் பார்ப்பதைவிடக் கடலைப் பார்ப்பது அதிகம். வெண்ணுரை அடிக்கடி தலைகாட்டினால், காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவுகோலில் நான்கு, அதாவது மணிக்கு 20 முதல் 28 கிமீ. கடல் முழுக்க வெண்ணுரை, இலையுள்ள சின்ன மரங்களே ஆடுகின்றன என்றால் ஐந்து. 38 கிமீ வரை. ஐந்தைப் பார்த்துவிட்டால் வெளிச்சாலையை விட்டு, கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் சாலைக்குத் திரும்பிவிடுவேன். 50 மிமீ ஆழமுள்ள ரிம்கள் (சக்கர வளையங்கள்) ஸ்டைலாக இருக்கும். முன்சக்கரத்தில் அதைப் போட்டுக்கொண்டு இந்தக் காற்றில் இறக்கத்தில் இறங்கிப் பாருங்கள், ஸ்டைல் மறந்துவிடும். முன்னால் ஆழம் குறைந்த ரிம்முக்கு மாறியது இத்தனை நாளில் நான் செய்த உருப்படியான மாற்றம்.

பூங்காவுக்குப் பின்னால் மேடேறி முனையைச் சுற்றும் சாலை இருந்தால் அதுதான் அந்த இடத்தின் சிறந்த ரூட். மேட்டின் மறைவில் பாதித்தூரம் காற்றில்லாமல் ஓட்டலாம், வண்டிகளும் குறைவு. தட்டை என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒவ்வொரு ஓடை முகத்துக்கும் இறங்கி மறுபடி ஏறுகிற சாலையில் பெரிய ஏற்றம் ஒன்றுகூட இருக்காது, ஆனால் 60 மீட்டர் ஏற்றம் பத்து வந்தால் மொத்தம் 600 மீட்டர். சின்ன ஏற்றம்தானே என்று ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று மிதித்தால் ஏழாவதில் கால் கேள்வி கேட்கும். இறக்கங்களின் அடியில், வளைவின் உட்பக்கத்தில் மணல் சேர்ந்திருக்கும். சாலை நிறத்திலேயே இருப்பதால் கிட்டே வரும்வரை தெரியாது. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவுக்குள் நுழைய வேண்டும். சாய்ந்த நிலையில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும்.

இனி உப்பு. கடலோரத்தில் ஓட்டுகிற சைக்கிளுக்கு ஆயுள் வேறு கணக்கு. துடைக்காமல் வைத்த செயினில் மறுநாளே தட்டுகளின் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்துவிடும். அது மேற்பூச்சு, துடைத்தால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான் செலவு வைக்கும். ஒருமுறை ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தபோது, பிரேக் லீவர் பட்டை இறுக்கியிருந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்றிருக்கின்றன. அந்தப் பார் திடீரென முறிகிற ரகம், அன்றே மாற்றினேன். டேப் நன்றாகத்தான் இருக்கிறது என்று வருடக்கணக்கில் பிரிக்காமல் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

அதே மாதிரி கார்பன் ஃபிரேமில் அலுமினிய சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, கார்பன் பேஸ்ட் தடவிப் போட வேண்டும். இரண்டும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். கார்பன் ரிம்மில் அலுமினிய நிப்பிள்களுக்கும் (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டுகள்) இதே கதிதான். எடை கொஞ்சம் கூடினாலும் பித்தளை நிப்பிள் கேட்டு வாங்குங்கள். ரைடு முடிந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுவது போதும். பிரஷர் வாஷர் வேண்டாம், அது உப்பைப் பேரிங்குக்குள் ஏற்றிவிடும். மெழுகு போட்ட செயினில் மணல் ஒட்டாது, அது பெரிய வசதி. ஆனால் நனைந்தபடி விட்டால் எண்ணெய் போட்ட செயினைவிடச் சீக்கிரம் துருவேறுகிறது. நான் வெயில் காலத்தில் மெழுகு, மழைக் காலத்தில் எண்ணெய் என்று மாற்றிக்கொள்கிறேன்.

டயரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஃபிரேமில் இடமிருந்தால் 28 அல்லது 30 மிமீ அகல டயர் போட்டு, காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டுங்கள். மணலிலும் பழுதான ஓரங்களிலும் அந்த நிதானம் 25-இல் கிடைக்காது.

வேலை முடிந்து மாலையில் மட்டும்தான் ஓட்ட முடியும் என்கிறவர்களுக்கு: பொழுது சாய்வதற்குச் சற்று முன் காற்று தணியத் தொடங்கும், ஆனால் சூரியன் கண்ணுக்கு நேராக இறங்கியிருக்கும். உங்கள் கண் கூசுகிறது என்றால் பின்னால் வரும் காரோட்டிக்கும் கூசுகிறது. நீங்கள் அவர் கண்ணில் படாமல் போகலாம். அந்த அரைமணி நேரம் சூரியனுக்கு முதுகு காட்டுகிற பாதியை ஓட்டிவிட்டு, மற்ற பாதியை இருட்டியபின் வைத்துக்கொள்ளுங்கள். பின்விளக்கை இருட்டும் வரை காத்திருக்காமல் கிளம்பும்போதே போட்டுவிடுங்கள்.