காலாவதியான காற்று: ஏர் பிஸ்டலோடு ஆறு வருடம்

போன வாரம் டெக்சஸில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவன் தன் கார் கொட்டகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மேசையில் பொருத்திய கைப்பிடிக் கருவி, பித்தளைக் கூடுகள் நிரம்பிய ஐஸ்கிரீம் டப்பா, பக்கத்தில் சின்னத் தராசு. போட்டிக்கு வேண்டிய தோட்டாக்களை, வெற்றுக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து, இரண்டு மாதமாக அவனே கட்டுகிறானாம். கீழே ஒரு கேள்வி: "நீ எப்படிடா? கட்டுறியா, வாங்குறியா?"

இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, ராணுவத்தில் தேசிய சேவையையும் முடித்துவிட்டுப் போனவன் கேட்கிற கேள்வியா இது? சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று, என்னிடம் தோட்டாவும் இல்லை, வெற்றுக் கூடும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் திடலை விட்டே கிளம்ப முடியும். ஒரு கூடு குறைந்தால் அத்தனை பேரும் புல்லில் குனிந்து தேட வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டில் உட்கார்ந்து மருந்து கெட்டிப்பதா! என்னுடையது மருந்தில்லாமல், அடைத்த காற்றால் குண்டைத் தள்ளும் ஏர் பிஸ்டல். "நான் காற்றைத்தான் கட்டுறேன்" என்று பதில் போட்டேன். சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது. அவனுக்கு அது நகைச்சுவை. எனக்கு அப்படி இல்லை, ஏனென்றால் அதே வாரம்தான் அந்தக் காற்றை அடைத்துவைக்கும் குழாய் ஒன்றுக்கு 340 வெள்ளி கொடுத்திருந்தேன்.

அலுவலகத்தில் ஒரு தம்பியும் ரொம்ப நாளாக "அண்ணே, வாங்கலாமா, எது வாங்கலாம்?" என்று நச்சரிக்கிறான். அவனுக்கும் சேர்த்து இதை எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டல். ஐரோப்பாவில் செய்தது. 2019-ல் எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். அதற்கு முன் ஒன்றரை வருடம் சங்கத்தின் பொதுத் துப்பாக்கிதான். எல்லார் வியர்வையும் ஊறிய பிடி. உரிமம் மாற்றுவது, தாள்களில் கையெழுத்து என்று சில வாரம் ஓடியது. துப்பாக்கி என் பெயரில் இருந்தாலும் தூங்குவது சங்கத்தின் ஆயுத அறையில்தான். வீட்டுக்கு வராத பொருளுக்கு இவ்வளவு செலவா என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

துப்பாக்கியைப் பற்றி எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆறு வருடத்தில் ஒரே ஒரு ரப்பர் வளையம் மாற்றினேன், அவ்வளவுதான். விரலால் இழுக்கும் விசைக்கு விதிப்படி குறைந்தது 500 கிராம் இழுப்பு இருக்க வேண்டும். போட்டிக்கு முன் குழலைச் செங்குத்தாகப் பிடித்து, விசையில் அரைக் கிலோ எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். என்னுடையது 510-க்கு வைத்தது வைத்தபடியே நிற்கிறது, ஒரு தடவைகூட நழுவவில்லை. குண்டு போகும்போது உள்ளே ஒரு சின்ன எடை எதிர்த்திசையில் நகர்ந்து உதைப்பை விழுங்கிவிடும். பொதுத் துப்பாக்கியிலிருந்து இதற்கு மாறிய முதல் நாள், சுட்டேனா இல்லையா என்றே சந்தேகம் வந்தது. வால்நட் மரப் பிடியை என் உள்ளங்கைக்குத் தக்கபடி அரம் போட்டு, மரப் புட்டி பூசி, மறுபடி அரம் போட்டு இரண்டு மாதம் படுத்தினேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் குறிக்கம்பி நேராக நிற்கும். பார்க்கத்தான் அம்மை வந்த முகம் போல இருக்கிறது.

பெல்லட்டை, அதாவது இதில் போடும் சின்னக் குண்டைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 4.5 மில்லிமீட்டர், தட்டை மூக்கு, டப்பாவுக்கு 500. தலை அளவு 4.49-ஆ 4.50-ஆ என்று சண்டை போடும் ஆட்கள் எங்கள் சங்கத்திலும் உண்டு. இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நம்ம ஊர் ஐந்து காசு நாணயத்தைவிடச் சின்னது. அதை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்து, 75 நிமிடத்தில் 60 தடவை அடிக்க வேண்டும். 600-க்கு 545-ஐ நான் இன்னும் தாண்டவில்லை. அந்த 55 புள்ளியைத் தின்பது 0.01 மில்லிமீட்டர் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

என் கோபம் சிலிண்டரோடுதான்.

குழலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் மாட்டியிருக்கும் அலுமினியக் குழாய். அதற்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று. கார் டயரில் இருப்பது இரண்டரை பார்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை நிரப்பினால் 150 குண்டுக்கு மேல் தாராளமாகப் போகும்.

ஆரம்பத்தில் கைப்பம்பு ஒன்று வாங்கினேன். யாருடைய தயவும் வேண்டாமே என்ற வீம்பு. சைக்கிள் பம்பு போலத்தான் இருக்கும். ஆனால் கடைசி முப்பது தடவை முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்தால்தான் இறங்கும். நூறு தடவைக்கு மேல் அடித்து முடிக்கும்போது கை நடுங்கும், அந்தக் கையோடுதான் போய்க் குறி பார்க்க வேண்டும். இதைவிட முட்டாள்தனமான தயாரிப்பு எந்த விளையாட்டிலாவது உண்டா?

கை வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் காற்றில் இருக்கும் தண்ணீர்தான் பெரிய தொல்லை. 30 பாகை வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். என் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 0.1 லிட்டர். காலிச் சிலிண்டரை 200 பாருக்கு ஏற்ற 20 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். அதோடு அரைக் கிராம் தண்ணீரும் சேர்ந்து வரும். அதாவது பத்துச் சொட்டு. அவ்வளவு அழுத்தத்தில் நீராவி நீராவியாக இருக்காது, தண்ணீராகவே இறங்கிவிடும். பம்பில் அதை வெளியேற்ற ஒரு திருகு இருக்கிறது, உலர்த்தும் மணிகள் போடும் குப்பியும் இருக்கிறது. நீல நிற மணிகள். குளிர் நாட்டுக்காரர்கள் அந்தக் குப்பியை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவார்களோ, டிசம்பர் மழையில் என்னுடையது இரண்டே வாரத்தில் வெளிறிப் போனது. எல்லாத் தண்ணீரும் அதிலேயே தங்கிவிட்டதா, உள்ளேயும் போனதா என்ற சந்தேகம் வந்த பிறகு பம்பை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டேன். (வாங்கியவரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் விற்றேன்.)

அதற்கப்புறம் சங்கத்தின் பெரிய தோம்பு. முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டுவார்களே, அதே 12 லிட்டர் தோம்பு. அதற்குள் இருப்பது கம்ப்ரசரில் ஈரம் நீக்கிய காற்று, அதனால் அந்தக் கவலை போயிற்று. வேறொரு கவலை வந்தது. பெரிய தோம்பில் இருக்கும் அழுத்தத்துக்கு மேல் சின்னதில் ஏறாது. ஒருவர் நிரப்பிக்கொண்டு போனால் அதில் கிட்டத்தட்ட ஒரு பார் குறையும். வாரம் முழுக்க நாற்பது பேர் நிரப்பிய பிறகு சனிக்கிழமை மதியம் போகிறவனுக்கு 160-தான். அந்த முள்ளைப் பார்த்ததும் எனக்கு எரியும். கோப்பிக்கடையில் கடைசி ஆளுக்கு ஊற்றும் தே தாரே தேநீர் மாதிரி ஒரு மரியாதைக் குறைவு. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், துப்பாக்கிக்குள் அழுத்தச் சீராக்கி ஒன்று இருக்கிறது. சிலிண்டரில் 200 இருந்தாலும் 100 இருந்தாலும் குண்டு ஒரே வேகத்தில்தான் போகும். 160 பார் ஒரு முழுப் போட்டிக்குப் போதும், மிச்சமும் இருக்கும். தெரியும். இருந்தாலும் எரியும்.

சரி, 340 வெள்ளிக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு போட்டிக்கு முன் கருவிச் சோதனை. விசை எடை சரி, அளவுப் பெட்டிக்குள் துப்பாக்கி அடங்கியது, பிடி சரி. பரிசோதகர் சிலிண்டரைக் கழற்றித் திருப்பினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதில் பொறித்திருந்த பொடி எழுத்தைப் படித்தார். "இது முடிஞ்சிடுச்சே" என்றார். பால் பாக்கெட்டைப் பார்த்துச் சொல்வது போல. 2015-ல் செய்த சிலிண்டர். அனைத்துலகத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் விதிப்படி அதிகபட்சம் பத்து வருடம்தான். அது முடிந்ததா இல்லையா என்று பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு. ஆறு வருடம் கையில் வைத்திருந்தும் அந்த எழுத்தை நான் ஒரு நாளும் படித்ததில்லை. பையில் இரண்டாவது சிலிண்டர் இருந்தது. அதே பெட்டியில் வந்தது, அதே வருடம், அதே மாதம். இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் ஒரே நாளில் காலமானார்கள். யாரோ ஒரு நல்ல மனுஷி தன்னுடைய கூடுதல் சிலிண்டரைக் கொடுத்ததால் அன்றைக்குச் சுட்டேன். என்ன சுட்டேன் என்று கேட்காதீர்கள்.

உலோகம் களைத்துப் போகும் என்பது புரிகிறது. அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக ஒவ்வொரு நிரப்பலும் ஒரு சுற்று. எஃகு என்றால் ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை சுற்று போனாலும் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னச் சின்னதாக எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு நாள் வெடிக்கும். நிரப்பும்போது என் முகம் அதற்கு ஒன்றரை அடி தூரத்தில்தான் இருக்கும். ஆகவே விதி வேண்டும். மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த முக்குளிப்புத் தோம்பும் அலுமினியம்தானே? அதைச் சில வருடங்களுக்கு ஒரு முறை தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதிக்கிறார்கள், தேறினால் கழுத்தில் புதுத் தேதியைப் பொறித்துவிடுகிறார்கள், அது பாட்டுக்கு மறுபடி கடலுக்குப் போகிறது. என் சின்னக் குழாய்க்கு மறுசோதனை கிடையாது. வாரத்துக்கு ஐந்து தடவை நிரப்பும் தேசிய அணிக்காரருடைய சிலிண்டருக்கும் பத்து வருடம், மாதத்துக்கு இரண்டு தடவை நிரப்பும் என்னுடையதற்கும் பத்து வருடம். தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது: சோதனை செய்வதில்லை, புதியதை வாங்கிக்கொள்ளவும். கூடவே விலைப்பட்டியல்.

ஆயுத அறைப் பொறுப்பாளர் பழையது ஒன்றின் வால்வைக் கழற்றிவிட்டு, இனி யாரும் நிரப்பக் கூடாது என்று குழாயில் ஓட்டை போட்டார். உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். பளபளவென்று இருந்தது. ஒரு புள்ளி அரிப்புகூட இல்லை. அந்தக் கைப்பம்பு நாட்களுக்குப் பிறகும்! அதைப் பார்த்தபோது வந்த வருத்தத்தில், இரண்டாவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் அங்கே இழுப்பறையில்தான் கிடக்கிறது, காற்றில்லாமல்.

சங்கத்தின் வழியாகப் புதுச் சிலிண்டரை வரவழைக்க ஏழு வாரம் ஆனது. அதுவரை இரவல். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கணக்கு ஓடுவது செய்த நாளிலிருந்து, நான் வாங்கிய நாளிலிருந்து இல்லை. அதாவது யாரோ ஒருவருடைய கிடங்கு அலமாரியில் என் எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. வீட்டில் சொன்னேன். "காத்துக்குக்கூடவா காலாவதி?" என்று கேட்டுவிட்டு அவள் தொலைக்காட்சி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த டெக்சஸ்காரனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவன் சுடும் போட்டியில் குண்டின் எடையையும் வேகத்தையும் அந்த ஊர் அளவுகளில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125-க்குக் குறையக் கூடாதாம். கடைத் தோட்டா அதைத் தாண்டிப் பலமாக உதைக்கிறது, அளவாகக் கட்டினால் துப்பாக்கி கையில் அடங்கி நிற்கிறது, செலவும் குறைவு என்கிறான். ஒவ்வொரு கூடாகத் துடைத்து, எடை பார்த்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு இரவு பதினொரு மணி வரை கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறான். பொறாமைதான், மறைக்க வேண்டாம். தன் குறி தவறினால் மருந்தைச் சொல்லலாம், குண்டைச் சொல்லலாம், கூட்டைச் சொல்லலாம். என் காற்று எல்லாருக்கும் ஒரே காற்று. 2014 காமன்வெல்த் போட்டியில் நம்ம தியோ ஷுன் ஸியே ஏர் பிஸ்டலில் தங்கம் வாங்கியதும் இதே மாதிரிக் குழாயில் அடைத்த காற்றை வைத்துத்தான். எதைக் குறை சொல்வது?

தம்பிக்குப் பதில். பழையது வாங்குவதென்றால் விசையை இழுத்துப் பார்க்குமுன், பிடியைத் தடவிப் பார்க்குமுன், சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் படி. மிச்சம் நான்கு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் ஒரு புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசு. இரண்டு சிலிண்டர் என்று பெருமையாகச் சொன்னால் இரண்டின் மாதத்தையும் பார். கைப்பம்பு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். முதலில் ஒரு வருடம் சங்கத்தின் துப்பாக்கியிலேயே சுடு, அதன் சிலிண்டர் அவர்கள் தலைவலி.

என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன், இந்த வாரம் கேட்டால். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட என்னைக் கைவிடாத துப்பாக்கி அது, ஆனாலும் வேண்டாம். இதை அவனிடம் நேரிலும் சொன்னேன். "அப்போ உங்களோடதை எனக்கே கொடுத்துடுங்களேன், அண்ணே" என்றான். சனிக்கிழமை காலையிலேயே போய்விட வேண்டும், தோம்பில் 200 இருக்கும்போதே.