படத்தில் ஒன்று, பெட்டியில் வேறொன்று: கணவாய் தூண்டில் செட் வாங்குவோர் கவனத்திற்கு

"கணவாய் பிடிக்கத் தேவையான அனைத்தும் ஒரே பெட்டியில்" என்று இணையத்தில் விற்கப்படும் செட் ஒன்றை வாங்கி ஏமாற்றப்பட்டேன். ராடு, ரீல், நரம்பு (தூண்டில் இழை), ஒரு டப்பா நிறைய எகி (கணவாய்க்கான செயற்கை இரை) என்று எல்லாமே வந்தன. விளம்பரத்தில் சொன்ன தரத்தில் ஒன்றுகூட இல்லை. விற்றவர் கைவிரித்துவிட்டார். அதே படங்களுடன், கடையின் பெயரை மட்டும் மாற்றி, அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரிய மோசடி எகியில்தான். இறால் வடிவில் உடம்பு, அதன்மேல் துணிப் போர்வை, வாலில் மேல்நோக்கி வளைந்த முட்கள் இரண்டு அடுக்காக, மூக்குக்குக் கீழே தட்டையான ஓர் ஈயம்: ஜப்பானில் உருவான இந்தச் செயற்கை இரைக்கு உயிரே அந்த ஈயம்தான். ராடை உதறி எகியை மேலே எழுப்பிவிட்டு நரம்பைத் தளர்த்தினால், அது தலையைத் தாழ்த்தி, ஏறத்தாழ 45 பாகைச் சரிவில், ஆடாமல் அசையாமல் இறங்க வேண்டும். கணவாய் பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான் வந்து கட்டிப்பிடிக்கும். சரியாக இறங்காத எகியை நாள் முழுக்க வீசினாலும் கை வலிதான் மிச்சம்.

வழக்கமான 3.5 எண் (அளவைக் குறிக்கும் எண்) எகி 20 கிராமை ஒட்டி இருக்கும். ஒரு மீட்டர் இறங்க 3 முதல் 3.5 விநாடி எடுக்கும். ஆழம் குறைந்த இடங்களுக்கென்று செய்யப்படும் வகை 5, 6 விநாடிகூட எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கை மனத்துக்குள் எண்ணித்தான், எகி தரையில் சிக்காமல் அதற்குச் சற்று மேலே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறோம். எனக்கு வந்தவை எல்லாவற்றிலும் 3.5 என்றே அச்சிட்டிருந்தது. தராசில் வைத்தால் ஒன்று 16 கிராம், அதன் பக்கத்தில் இருந்தது 25 கிராம். உயரமான வாளியில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாக விட்டேன். ஒன்று பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. ஒன்று சுழன்றுகொண்டே போனது. இன்னொன்று வால் முதலில் இறங்கியது. திருப்பிப் பார்த்தால் ஈயம் நடுக்கோட்டை விட்டு விலகி, வழிந்து உறைந்த பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தில் இது எதுவுமே தெரியாது. கண், இறகு, துணியின் மினுமினுப்பு எல்லாம் பெயர்பெற்ற தயாரிப்புகளை அப்படியே பார்த்துச் செய்யப்பட்டவை.

செட்டில் எத்தனை நிறம் இருக்கிறது என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதற்கு மயங்க வேண்டாம். பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரே வகைதான். நிறம் பிரித்தறிய அது போதாது. நீரின் பின்னணியில் எகி எடுப்பாகத் தெரிகிறதா, அளவும் இறக்கமும் சரியா என்பதே முக்கியம். இரண்டு மூன்று நல்ல எகி இருந்தால் தாராளம்.

எனக்கு ஆத்திரம் வந்தது முட்களின் விஷயத்தில். எகி முள்ளின் நுனியில், மீன் தூண்டில் முள்ளில் இருப்பதுபோலப் பின்னோக்கிய கீற்று கிடையாது. அதனால் நரம்பு ஒரு கணம்கூடத் தளராமல் இழுத்து வர வேண்டும். அப்படி நீர்மட்டம் வரை கொண்டுவந்த ஒரு கணவாய், மையைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்ந்தபோது கையில் கனம் சட்டென்று போயிற்று. மேலே எடுத்த எகியில் வால் இல்லை. முள் கொத்து தண்டோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உடம்புக்குள் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டிய தண்டை, விரல் நக அளவுகூட உள்ளே செருகாமல் பசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கணவாய் கையில் இரும்புக் கொத்தோடு கடலுக்குள் போய்விட்டது. ஓர் உயிரை இப்படிச் சித்திரவதை செய்யும் பொருளை விற்பவரை என்னால் மன்னிக்க முடியாது.

அடுத்தது நரம்பு. பின்னல் நரம்பின் அட்டையில் பிஇ 0.8 (தடிமனைக் குறிக்கும் எண்) என்று இருந்தது. அந்த எண்ணுக்கு விட்டம் 0.148 மி.மீ. பென்சிலில் 10 சுற்று நெருக்கமாகச் சுற்றினால் ஏறத்தாழ 1.5 மி.மீ. அகலம் வர வேண்டும். எனக்கு அதைப்போல இரு மடங்கு வந்தது. தடித்த நரம்பைக் காற்றும் நீரோட்டமும் இழுத்துக்கொண்டே இருக்கும், எகி இறங்காது. லீடர், அதாவது பின்னல் நரம்புக்கும் எகிக்கும் இடையில் கட்டும் துண்டு நரம்பு, புளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் வகை என்றார்கள். ஒரு துண்டு வெட்டி நீருக்குள் அமுக்கிவிட்டால் புளோரோகார்பன் விறுவிறுவென்று அடிக்குப் போகும். இது அந்தரத்தில் தயங்கி நின்றது. வெறும் நைலான். நைலான் நீரை உறிஞ்சி வலுவிழக்கும், பாறையில் உரசினால் சீக்கிரம் அறுந்துவிடும்.

ராடின் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். எனக்கு நுனி வளையத்தில் பஞ்சு சிக்கியது, உள்ளே விரிசல். ரீலின் டிராக் (இழுவை கூடும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) வழுக்காமல் வெட்டி வெட்டி விட்டது. கணவாயின் கை மென்மையானது, டிராக் மிருதுவாக நரம்பைக் கொடுக்காவிட்டால் பிய்ந்துவிடும்.

புகார் அனுப்பினேன். "கடல்நீரில் நனைந்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை" என்று ஒரு வரி வந்தது. கடலில் நனைக்காத எகிகளின் எடையைத் தராசோடு படம் பிடித்து அனுப்பினேன். அதன் பிறகு பதிலே இல்லை. ஆகவே பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எடை, பென்சில், பஞ்சு என்று நீர் படாத சோதனைகளை முதலில் முடியுங்கள். வாளிச் சோதனைக்கு ஒரே ஓர் எகி போதும், அதுவும் நல்ல தண்ணீரில். பணம் கட்டுவதற்கு முன்பே, இந்த எகி ஒரு மீட்டர் இறங்க எத்தனை விநாடி என்று எழுத்தில் கேளுங்கள். வேறு ஒருவர் பெயரில் நான் கேட்கச் சொன்னபோது, "எல்லா ஆழத்துக்கும் ஏற்றது" என்று பதில் அனுப்பினார்கள். அந்தப் பதில் வந்தால் வாங்காதீர்கள்.

இதே செட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், எகியின் முள் கொத்தைக் குறடால் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.