ஊமைப்படத்துக்கு எந்த இசை? 7 வருட வீட்டுத் திரையிடலில் தேறியவை

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் கூடத்துச் சுவரில் ஊமைப்படம் ஓடும். 7 வருடமாக இது நடக்கிறது, அதுவும் நகைச்சுவைப் படங்கள் மட்டும். பார்க்க 8 பேரும் வருவார்கள், 15 பேரும் வருவார்கள். 6 வயதுப் பிள்ளையும் உண்டு, எழுபதைத் தாண்டிய பெரியப்பாவும் உண்டு. எந்தப் படம் போடுவது என்பதைவிட, அதற்கு என்ன இசை போடுவது என்று யோசித்ததில்தான் எனக்கு அதிக நேரம் போயிருக்கிறது.

முதலில் நான் போட்டது ராக்டைம் என்ற பழைய அமெரிக்கத் துள்ளல் பியானோ இசை. பழைய சிரிப்புப் படம் என்றாலே படபடவென்று ஓடும் பியானோ என்று மனதில் பதிந்துவிட்டதே, அதில் ஒரு மணி நேரத்துக்குத் தொகுத்து ஓடவிட்டேன். முதல் 10 நிமிடம் கூடமே கலகலப்பாக இருந்தது. அப்புறம் சிரிப்பு மெல்ல வடிந்தது. படம் மோசமில்லை, அதே படத்துக்கு வேறொரு நாள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சும்மா நடந்து வரும்போதும் துள்ளல், தடுக்கி விழும்போதும் அதே துள்ளல் என்றால், விழுவதற்கு என்று தனி மதிப்பு இல்லாமல் போகிறது. இதில் ராக்டைமின் மேல் குற்றமில்லை. அதை ஒருபோதும் வேகமாக வாசிக்கக் கூடாது என்று ஸ்காட் ஜாப்ளின் தன் இசைத்தாள்களிலேயே அச்சிட்டிருக்கிறார். அவருடைய 1899 'மேப்பிள் லீஃப் ராக்', 1902 'என்டர்டெய்னர்' இரண்டையும் நிதானமாக வாசித்த பதிவுகளைத் தேடிப் பிடித்தேன். அதே இசை கனிவாக, கொஞ்சம் ஏக்கத்தோடுகூட ஒலித்தது. காதலி வீட்டு வாசலில் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று ஒருவன் நிற்கும் காட்சிக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

அங்கிருந்துதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இசை, பார்ப்பவர்களுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது. ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் முகத்தில் சிரிப்பே வராது; மாட்டிக்கொண்ட சிக்கல் அவருக்கு உயிர்ப் பிரச்சினை. பின்னால் ஒலிக்கும் இசையும் அதை உயிர்ப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டால்தான் நமக்குச் சிரிப்பு பீறிடும். 1926-இல் வந்த அவருடைய 'தி ஜெனரல்' படத்தை, உண்மையான போர்ப் படத்துக்குப் போடுவதுபோல் கனமான ஆர்கெஸ்ட்ரா இசையோடு ஓட்டினேன். அன்றைக்குக் கூடத்தில் எழுந்த சிரிப்பு அதற்கு முன் எந்தப் படத்துக்கும் எழுந்ததில்லை. சாப்ளினும் தன் சுயசரிதையில் இதைச் சொல்கிறார். இசை அமைக்க உதவியவர்கள் வேடிக்கையான இசையைக் கேட்டார்களாம். அவரோ தான் நடிக்கும் நாடோடியின் கோலத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் நளினமான, காதல் ததும்பும் இசைதான் வேண்டும் என்றிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி.

சாப்ளின் என்றதும் ஒரு எச்சரிக்கை. 'சிட்டி லைட்ஸ்' (1931), 'மாடர்ன் டைம்ஸ்' (1936) இரண்டிலும் ஒலியை நிறுத்திவிட்டு வேறு இசை போடாதீர்கள். இரண்டுக்கும் அவரே இசையமைத்தார், ஒலியும் அப்போதே சேர்ந்தது. சிட்டி லைட்ஸ் தொடக்கத்தில் பிரமுகர்கள் சொற்பொழிவாற்றும்போது வார்த்தைக்குப் பதில் கீச்சுக்குரல்தான் வரும். விசிலை விழுங்கிவிட்டு விக்கும் காட்சியும் ஒலி இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. அவருடைய 'கோல்ட் ரஷ்' வேறு மாதிரி: 1925-இல் ஊமைப்படமாக வந்ததற்கு, 1942-இல் அவரே இசையும் வர்ணனையும் சேர்த்தார். இடையிடையே திரையில் வரும் எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள் வந்தாலும் நான் 1925 வடிவத்தையே போட்டு, அட்டைகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அந்தப் படத்தில் விளக்கக் குரல் எனக்கு ஒத்துவரவில்லை.

மற்ற படங்களில், கூடவே வரும் இசையை முதல் 5 நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். ஹரால்ட் லாயிட் கட்டடம் ஏறும் 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படத்துக்கு கார்ல் டேவிஸ் அமைத்த இசை கிடைத்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் நான் வாங்கிய ஒரு தட்டில் ஒரே ஆர்கன் மெட்டு படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. கல்யாணத்துக்கும் அதுவே, அடிதடிக்கும் அதுவே. அதைக் கேட்டபிறகுதான் சொந்தமாகத் தொகுக்கும் வேலையில் முழுமூச்சாக இறங்கினேன்.

தொகுப்பதில் முதல் சிக்கல் வேகம். அந்தக் காலக் கேமராவைக் கையால் சுற்றினார்கள்; ஓட்டும் வேகமும் இடத்துக்கு இடம் மாறியது. 1,000 அடி ரீல் ஒன்று நொடிக்கு 16 சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஓடினால் 16 நிமிடத்துக்கு மேல் வரும். 24 சட்டம் என்றால் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே ஒரு பிரதிக்குச் செய்த தொகுப்பு அதே படத்தின் இன்னொரு பிரதிக்குப் பொருந்தாது. எனக்கு ஒரு மாலை முழுக்கச் செய்த வேலை இப்படித்தான் வீணாகியது. எந்தப் பிரதியைத் திரையிடப்போகிறோமோ அதை வைத்துக்கொண்டே நேரம் குறிக்க வேண்டும்.

20 நிமிடப் படத்துக்கு 4 அல்லது 5 இசைத்துண்டு போதும். அதற்கு மேல் போனால் துணி ஒட்டுப்போட்ட மாதிரி ஆகிவிடும். பாட்டு வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் பாட்டின் வரிகளும் இன்னொரு பக்கம் திரையில் எழுத்தும் வந்தால் இரண்டுமே மனதில் நிற்காது. எல்லோருக்கும் தெரிந்த மெட்டையும் தவிர்க்கிறேன். ரொசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசையைத் துரத்தல் காட்சிக்குப் போட்ட அன்று பாதிப் பேர் மெட்டை முணுமுணுத்தார்கள், திரையைப் பார்க்கவில்லை.

லாரல் ஹார்டிக்கு இன்னொரு கவனம் தேவை. 1929-இல் வந்த 'பிக் பிசினஸ்' படத்தில் ஒருவர் உடைப்பார், மற்றவர் நின்று நிதானமாகப் பார்ப்பார், பிறகு போய் அவருடையதை உடைப்பார். அந்த நின்று பார்க்கும் நேரத்தில்தான் முழுச் சிரிப்பும் இருக்கிறது. உடைப்பது அதிகமாக அதிகமாக இசையையும் முடுக்கிக்கொண்டே போனேன். அந்த நேரம் நசுங்கிப்போனது. இப்போது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான வால்ட்ஸ் (மூன்றடி நடன) தாளம். அவர்கள் அவசரப்படவில்லை, இசை ஏன் அவசரப்பட வேண்டும்?

ஒருமுறை இசையே இல்லாமலும் ஓட்டிப் பார்த்தேன். ப்ரொஜெக்டர் விசிறியின் சத்தமும் யாரோ செருமுவதும்தான் கேட்டது. சிரிப்பு வந்தவர்களும் அடக்கிக்கொண்டார்கள். அமைதியான கூடத்தில் முதல் ஆளாகச் சிரிக்க யாருக்கும் கூச்சம். இசை இருந்தால் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. ஆனால் சில நொடி மௌனம் பொன் போன்றது. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வீட்டு முகப்பு முழுதாகச் சாய்ந்து விழ, ஜன்னல் திறப்பு இருந்த இடத்தில் கீட்டன் அப்படியே நிற்பார். சுவர் அசையத் தொடங்கும்போதே இசையை நிறுத்திவிடுகிறேன். புயல் இசை அதுவரை முழங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் நிறுத்தியது உறைக்கும். மூச்சை இழுக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும், பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கியபின்தான் இசை திரும்ப வரும்.

ஒலி அளவிலும் இதே கதைதான். சிரிப்பு எழும்போது இசை கேட்கவில்லையே என்று கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள், சிரிப்பு இசையை மூழ்கடிக்கட்டும். ஸ்பீக்கர் திரைக்குக் கீழேயே இருந்தால் இசை படத்திலிருந்து வருவதாகத் தோன்றும். பக்கவாட்டில் வைத்தபோது கண் அடிக்கடி அங்கே போனது.

கடந்த 2 வருடமாக அக்கா மகள் சில படங்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறாள். ஊமைப்பட நாட்களில் சின்னத் திரையரங்குகளில் ஒரு பியானோவும் பெரியவற்றில் ஆர்கனோ ஆர்கெஸ்ட்ராவோ இருந்தன. அப்படி வாசிப்பவர்களுக்காக எர்னோ ராப்பே 1924-இல் வெளியிட்ட இசைத் தொகுப்பில், எந்த உணர்ச்சிக்கு எந்தப் பக்கம் என்ற பட்டியல் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் இருக்கும். வாசிப்பவர் திரையைப் பார்த்தபடியே தாவலாம். இவளும் அதுபோல் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறாள்: காதல், சந்தேகம், ஓட்டம், வருத்தம். ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்கு எழுத்து அட்டை வரும்போதுதான் மாறுவாள், மாறியதே தெரியாது. அதை நான் தொகுப்புகளுக்கும் எடுத்துக்கொண்டேன். சிரிப்பு நீண்டால் அவளும் நீட்டுவாள். பதிவு செய்த இசையால் இது முடியாது.

இன்னும் பிடி கொடுக்காத இடம் ஒன்று உண்டு. 'செவன் சான்சஸ்' (1925) படத்தின் கடைசித் துரத்தல்: முதலில் நூற்றுக்கணக்கான மணப்பெண்கள், அப்புறம் மலைச்சரிவில் உருண்டு வரும் பாறைகள். மூன்று இசை மாற்றிப் பார்த்துவிட்டேன். மணப்பெண்களுக்குச் சரியாக இருப்பது பாறைகளுக்கு முன் தீர்ந்துபோகிறது. அடுத்த மாதம் பெண்கள் துரத்தும்வரை கீபோர்டு, முதல் பாறை உருண்டதும் தனி டிரம் என்று செய்து பார்க்கப் போகிறோம்.