மிரோக்கு எம்கே 38 ட்ராப் துப்பாக்கி: 14 மாதம் சுட்ட பிறகு

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கீழே எழுதியிருப்பது எல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பக்கம் பார்மசிஸ்ட் வேலை, ஞாயிறு காலையில் கிளப்பில் தட்டு சுடப் போவேன், அதாவது இயந்திரம் எறியும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் உடைக்கும் விளையாட்டு. வேட்டையெல்லாம் கிடையாது. கோழியைக்கூட கடைக்காரர்தான் வெட்டித் தர வேண்டும்.

நான் சுடுவது டவுன் தி லைன் என்ற ட்ராப் வகை. ஐந்து பேர் வரிசையாக நிற்போம். 16 கஜம் முன்னால் தரையோடு தரையாக ஒரு சின்னக் கொட்டகை, அதற்குள் தட்டு எறியும் இயந்திரம். ‘புல்’ என்று கத்தியதும் தட்டு நம்மை விட்டு விலகி, மேலே ஏறிக்கொண்டே, இடமோ வலமோ 22 டிகிரிக்குள் எங்காவது பறக்கும். முதல் தோட்டாவில் உடைத்தால் மூன்று புள்ளி, இரண்டாவதில் உடைத்தால் இரண்டு. 25 தட்டுக்கு மொத்தம் 75. (களிமண் தட்டு என்று பேர்தான், உள்ளே களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியைத் தார் மாதிரி ஒரு பிசினில் குழைத்து அச்சில் வார்த்தது.) தட்டு ஏறிக்கொண்டே போகும் என்பதை நினைவில் வையுங்கள். அதை யோசிக்காமல்தான் நான் முதல் துப்பாக்கியை வாங்கினேன்.

அது புத்தம்புது ஓவர்-அண்டர், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் வைத்த இரட்டைக்குழல். பக்கத் தகட்டில் வாத்து செதுக்கியிருக்கும், 28 அங்குலக் குழல், தூக்கினால் லேசாக இருக்கும். ‘பெண்களுக்கு லேசானதுதான் சரி’ என்று கடையில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். பிராண்டும் கடையும் எதற்கு, விடுங்கள். துப்பாக்கி மேல் தப்பில்லை, அது பறவை வேட்டைக்குப் போகிறவர் நாள் முழுக்கத் தூக்கி நடப்பதற்காகச் செய்தது. ஒரு நாளில் ஐந்தாறு முறை சுடுகிறவருக்கு லேசான எடை வரம். நூறு தோட்டா சுடுகிறவளுக்கு அதுவே தண்டனை, ஏனென்றால் எடை குறையக் குறைய உதை கூடும். தோளில் வைக்கும் மரக்கட்டையும் எனக்கு ஒரு அங்குலம் அதிக நீளம். அதன் கீழ்முனை தோளுக்குள் உட்காராமல் மார்பின் மேல்பக்கம் குத்தும். திங்கட்கிழமை அங்கே நீலம் பாய்ந்திருக்கும்.

புள்ளியோ 50ஐத் தாண்டவில்லை. ஆறு மாதம் கழித்து, கிளப்பில் ஒரு பெரியவர் என்னை வெள்ளையடித்த இரும்புப் பலகை முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, நடுப்புள்ளியைப் பார்த்துச் சுடச் சொன்னார். ரவை, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள், பாதி புள்ளிக்கு மேலே, பாதி கீழே. ‘இதுதான் விஷயம்’ என்றார். ஏறும் தட்டை அந்தத் துப்பாக்கியால் அடிக்க வேண்டுமானால் குழலைத் தட்டுக்கு மேலே கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்தால் தட்டு மறைந்துவிடும். மறைந்ததும் எங்கே என்று பார்க்கத் தலையைத் தூக்குவேன். தலை கட்டையை விட்டு எழுந்தால் அந்தத் தட்டு போனது போனதுதான். ட்ராப் துப்பாக்கிக்கு அதனால்தான் கன்னம் பதியும் இடத்தை உயர்த்திச் செய்கிறார்கள். அறுபதிலிருந்து எழுபது சதவீத ரவை குறிக்கு மேலே போகும், தட்டு குழலுக்கு மேல் உட்கார்ந்த மாதிரி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

அதற்கப்புறம் மூன்று மாதம் நான் எதையும் வாங்கவில்லை. கிளப்பில் அடுத்தவர்களின் துப்பாக்கியைக் கெஞ்சி வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். பெரெட்டா 686 கைக்கு இதமாக இருந்தது. குழல் மடங்கும் அச்சை அவர்கள் அடியில் வைக்காமல் இரண்டு பக்கச் சுவரில் சின்ன முளைகளாக வைப்பதால் உடம்பு ஒல்லி, சின்னக் கைக்கு நன்றாக அடங்கும். நான் பிடித்தது வேட்டைக்கட்டை போட்டது என்பதால் பழைய கதைதான். பிறகு ஒருவர் பெரஸி எம்எக்ஸ்8 கொடுத்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸை மனதில் வைத்து உருவான மாடல். விசைப் பகுதி முழுவதையும் கையால் கழற்றி எடுத்துவிடலாம், போட்டி நடுவே ஸ்பிரிங் உடைந்தால் மாற்று ஒன்றைச் செருகிவிட்டுச் சுடலாம். விசையை நினைத்தாலே வெடித்தது போல் இருந்தது. பன்னிரண்டு தோட்டா சுட்டுவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் கார் மாற்றுவோம்.

கடைசியில் கைக்கு வந்தது பழைய மிரோக்கு எம்கே 38 ட்ராப். 30 அங்குலக் குழல், 1,150 பவுண்டு. மிரோக்கு ஜப்பானில் கோச்சியில் இருக்கிற கம்பெனி. பிரௌனிங் பெயரில் விற்கும் ஓவர்-அண்டர்களில் பெரும்பாலானவையும் அவர்கள் செய்து கொடுப்பவையே. உள்ளே இருக்கும் அமைப்பும் ஜான் பிரௌனிங் கடைசியாக வடிவமைத்து 1931இல் விற்பனைக்கு வந்த சூப்பர்போஸ்ட் துப்பாக்கியின் வழி வந்தது: கீழ்க்குழலுக்கு அடியில் குறுக்கே ஓடும் ஒரே தடித்த அச்சு. அதனால் பெரெட்டாவை விட உடம்பு ஆழமாக இருக்கும், பார்க்க அழகில்லை. வாத்தும் இல்லை, செதுக்கிய நாலு பூங்கொடி மட்டும். மரமும் பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி.

வாங்கிய வாரமே துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்தேன். கட்டையை 13¾ அங்குலத்துக்கு அறுத்து, அடிமுகத்தின் சாய்வை மாற்றி, கீழ்முனை உள்ளே ஒதுங்குகிற மாதிரி செய்து ரப்பர் அட்டை ஒட்டினார். 180 பவுண்டு. இந்த மொத்தச் செலவில் நான் மிகவும் மெச்சுவது அந்த 180ஐத்தான். இப்போது கன்னத்தை வைத்தால் குழலின் மேல் குறிபார்க்க இருக்கும் இரண்டு சின்ன மணிகளும் 8 என்ற எண் போல ஒன்றின் மேல் ஒன்று உட்காருகின்றன. தினமும், ஒரே மாதிரி. தலையைத் தூக்க வேண்டிய தேவையே வருவதில்லை. (எனக்கு வலது கை, ஆனால் இடது கண்தான் பலம். அதற்குக் கண்ணாடியின் இடது பக்கம் துண்டு டேப். இதைத் துப்பாக்கி கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

எடை 3.7 கிலோ. முதல் மாதம் வரிசையில் நான்காவது இடத்துக்கு வரும்போது கை நடுங்கியது, உண்மை. சாயங்காலம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பழகினேன். அந்த எடைக்கு 28 கிராம் ரவை உள்ள தோட்டாவின் உதை ஒரு தள்ளு மாதிரிதான் இருக்கிறது, 24 கிராம் போட்டால் அதுவும் தெரியாது. சோக், அதாவது ரவை அதிகம் பரவாமல் இருக்கக் குழல் வாயைக் குறுக்கும் அமைப்பு, இதில் மாற்ற முடியாது. கீழ்க்குழல் முக்கால், மேல்குழல் முழு இறுக்கம். 18.5 மில்லிமீட்டர் குழல் வாயருகே ஒரு மில்லிமீட்டர் குறுகுகிறது என்றால் அது முழு சோக். தட்டு தூரம் போகிற விளையாட்டுக்கு இதைவிட வேறென்ன மாற்றப்போகிறோம்?

ஆனால் ஒரே துப்பாக்கியில் எல்லாம் சுட நினைப்பவர்கள் இதை வாங்காதீர்கள். கிளப்பில் ஒருநாள் ஸ்போர்ட்டிங் சுடக் கூப்பிட்டார்கள், தட்டு பல விதமாக வரும் இன்னொரு வகை. தரையில் உருளும் தட்டுக்கும், கீழே இறங்கும் தட்டுக்கும் மேலேயே சுட்டுத் தள்ளினேன். உயரச் சுடும்படி செய்த துப்பாக்கி, அது தன் வேலையைத்தான் செய்தது.

போன ஞாயிறு 75க்கு 70. ஒன்று முழுதாகத் தவறியது, இரண்டு இரண்டாவது தோட்டாவில் உடைந்தது.

முதல் துப்பாக்கி இன்னும் இரும்பு அலமாரியில்தான் இருக்கிறது. விற்பனைக்கு விட்டு ஐந்து மாதம் ஆகிறது, கொடுத்த விலையில் பாதிக்குக் கேட்கிறார்கள். ‘வாத்து அழகாகத்தானே இருக்கிறது, ஹாலில் மாட்டிவிடேன்’ என்கிறார் வீட்டுக்காரர். லைசென்ஸ் புதுப்பிக்க வரும் போலீஸ்காரர் அதைப் பார்த்தால் மிரோக்குவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.